ஈவோ 7 காரைக் கழற்றி விற்கிறேன், யாழ்ப்பாணம் கொக்குவில்: பிரேக், சீற், டேர்போ, எஞ்சின், மற்றதெல்லாம்

கொக்குவில் ஈவோ:
வணக்கம். 2001ஆம் ஆண்டு மிற்சுபிஷி லான்சர் எவலூசன் 7, ஜீஎஸ்ஆர், ஐந்து கியர் மனுவல். போன மாதம் ஏ9 வீதியில் மாங்குளத்துக்கு அங்கால், இரவு, மாடு குறுக்கே வந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. காருக்குத்தான் இடது முன்பக்கம் செசி வரைக்கும் மடிந்து போயிற்று. காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டும். நிமிர்த்திப் பூசி ஆருக்காவது தலையில் கட்டலாம் என்று சொன்னவர்கள் உண்டு, அது எனக்குச் சரிவராது. ஆகவே கழற்றுகிறேன்.

பிரெம்போ பிரேக் நாலு மூலைக்கும், ரெக்காரோ முன் சீற் இரண்டு, மோமோ ஸ்டியரிங், எஞ்சின் டேர்போவுடன், கியர்பெட்டி, பின் டிபரென்சியல், கொயில் ஓவர் சஸ்பென்சன் மூன்று (நாலாவது வளைந்துவிட்டது), 17 இஞ்சி டீஈ37 றிம், ஈசியூ (எஞ்சின் கணினி), வயரிங், கதவுகள், பின்பக்க லைட். தேவையானவர்கள் கேளுங்கள். விலை உள்பெட்டியில்.

சீடியா பொடியன்:
அண்ணை, பிரெம்போ எவ்வளவு?

றிம் பைத்தியம்:
விலை உள்பெட்டியில் என்று போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்லத்தானே அது? கனடாவில் இருந்து கேட்டால் ஒரு விலை, காரைநகரில் இருந்து கேட்டால் ஒரு விலை. இங்கேயே போடுங்கோ.

கொக்குவில் ஈவோ:
சரி, போடுகிறேன். பிரெம்போ நாலும், டிஸ்க், நக்கிள் (சக்கரம் பூட்டும் தாங்கி), பைப்புடன் 375,000. சீற் இரண்டும் றெயிலுடன் 260,000. எஞ்சின் விலை இன்னும் யோசிக்கவில்லை. டேர்போவைத் தனியாகக் கேட்கிறவர்கள் நிறையப் பேர், அதைப் பிரித்தால் எஞ்சின் போகாது என்ற பயமும் இருக்கிறது.

சுன்னாகம் ஸ்பனர்:
தம்பி, எஞ்சினை இறக்கிப்போட்டியோ? இறக்கவில்லை என்றால் தொடாதே. முதலில் கொம்பிறசன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம், பார். காருக்குள் இருக்கும்போது ஸ்டாட்டர் இருக்கு, பற்றரி இருக்கு, எல்லாம் இணைந்திருக்கு. ஒருமுறை இறக்கி மண்ணில் வைத்துவிட்டால் அது வெறும் இரும்பு. "நல்லா ஓடினது அண்ணை" என்று நீ சத்தியம் பண்ணினாலும் வாங்குகிறவன் பழுதான எஞ்சின் விலைதான் சொல்லுவான். அவனில் பிழையில்லை.

நாலு பிளக்கையும் கழற்று, பெற்றோல் பம்பின் பியூஸை எடு, அக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க ஒரு ஆளை இருத்து. பிளக் ஓட்டையில் மானியைப் பூட்டி, நாலு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கைச் சுற்று அடி. முழுதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடு, தொடக்கத்தில் எஞ்சின் இலக்கத்தைக் காட்டு. அந்த வீடியோவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் பெறுமதி என்று வைத்துக்கொள்.

இன்னொரு கேள்வி. இந்தக் காருக்கு ஆராவது கிணற்றுத் தண்ணி விட்டவையோ?

கொக்குவில் ஈவோ:
எஞ்சின் இன்னும் உள்ளேதான் இருக்கிறது அண்ணை, நல்ல காலம். நான் வாங்கிய நாளில் இருந்து கூலன்ட் மட்டும்தான். அதற்கு முதல் குருநாகலில் நின்ற கார். ஏன் கேட்கிறீர்கள்?

சுன்னாகம் ஸ்பனர்:
எங்கட நிலம் முழுக்கச் சுண்ணக்கல். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் றேடியேற்றருக்குள்ளும் படியும். சாதாரண காரில் சூடு கொஞ்சம் ஏறும், சமாளிக்கலாம். இந்த டேர்போ தண்ணியால் குளிருகிற சாதி. நடுவில் இருக்கும் பெயரிங் வீட்டைச் சுற்றிச் சின்னத் தண்ணிப் பாதை ஓடும். அது அடைத்தால், எஞ்சினை நிற்பாட்டிய பிறகு உள்ளே நிற்கிற எண்ணெய் கருகிக் கரியாகும். வெளியில் பார்க்கப் புதுசுபோல இருக்கும், கையால் சுற்றினாலும் சுற்றும், ஆறு மாதத்தில் புகை தள்ளும். யாழ்ப்பாணத்தில் நின்ற டேர்போ கார் என்றால் நான் முதலில் தண்ணிப் பைப்பைக் கழற்றி உள்ளே ரோர்ச் அடித்துப் பார்ப்பேன். அதுக்குப் பிறகுதான் மற்றக் கதை.

டேர்போ பார்க்கிற முறையும் சொல்லி விடுகிறேன், வாங்குகிறவர்களும் வாசிப்பார்கள்தானே. தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் மிக மெல்லிய ஆட்டம் இருக்கத்தான் செய்யும், எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுற்றுகிற தண்டு அது. இதைப் பார்த்துவிட்டு "பெயரிங் போச்சு" என்று விலை குறைக்கிறவர்கள் இருக்கினம், விடாதே. ஆனால் உள்ளும் வெளியுமாக இழுத்துத் தள்ளும்போது அசைவது கையில் தெரிந்தால் அது போனதுதான். இறக்கை வீட்டுச் சுவரில் உரசிய தடம் இருந்தாலும் போனதுதான்.

புத்தூர் ஈவோ 3:
நல்ல பதிவு. என்னிடம் ஈவோ 3 இருக்கிறது. அதுவும் 4ஜி63 எஞ்சின்தானே. இந்த டேர்போவை அப்படியே மாற்றலாமா?

சுன்னாகம் ஸ்பனர்:
இல்லை. எஞ்சின் பெயர் ஒன்று, இருப்பு வேறு. ஈவோ 4இல் இருந்து எஞ்சினையும் கியர்பெட்டியையும் பக்கம் மாற்றித் திருப்பி வைத்துவிட்டார்கள். டேர்போ சுற்றும் திசையும் மாறிற்று. உன்னுடையது டிடி05எச், இவருடையது டிடி05எச்ஆர். கடைசியில் நிற்கும் அந்த ஆர் எழுத்துத்தான் எதிர்த்திசை. மனிபோல்ட், பைப், எல்லாம் வேறு. ஈவோ 3இல் வந்த டேர்போவே நல்ல சாமான், உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். நீ அதைப் பழுது பார்த்து ஓட்டு.

புத்தூர் ஈவோ 3:
நன்றி அண்ணை. காசு மிச்சம்.

கொக்குவில் ஈவோ:
கொம்பிறசன் பார்த்தாயிற்று, வீடியோ போட்டிருக்கிறேன். 155, 152, 156, 150 பிஎஸ்ஐ. றேடியேற்றர் உடைந்ததால் எஞ்சினைச் சூடாக்க முடியவில்லை, குளிரில் எடுத்த அளவு. டேர்போத் தண்ணிப் பாதை சுத்தம், படமும் இருக்கிறது.

சுன்னாகம் ஸ்பனர்:
குளிரில் இந்த அளவு என்றால் குறை சொல்ல ஏலாது. தொகையைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். உன்னுடையது ஒட்டி ஒட்டி நிற்கிறது. ரைமிங் பெல்ட் எப்ப மாற்றியது என்று பில் இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடு. இந்த எஞ்சினில் பலன்ஸ் சாஃப்டுக்கு ஒரு சின்னப் பெல்ட் தனியாக இருக்கு. அது அறுந்து பெரிய பெல்டுக்குள் சிக்கினால் வால்வு எல்லாம் போகும். இரண்டையும் மாற்றியதற்குப் பில் இருந்தால் வாங்குகிறவன் நித்திரை கொள்ளுவான்.

நைட்ரைடர் வடக்கு:
அண்ணா, சாமான் வேண்டாம். காரின் பதிவுப் புத்தகம் தருவீங்களா? புத்தகமும் செசி இலக்கம் அடித்த துண்டும் மட்டும் வெட்டித் தந்தால் காணும். சாமான் எல்லாம் விற்று வரும் காசைவிடக் கூடத் தருவேன்.

றிம் பைத்தியம்:
வந்திட்டார்.

கச்சேரிக் கோப்பு:
நானே எழுத வேண்டியதாயிற்று. தம்பி நைட்ரைடர், எதற்குக் கேட்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும், புதியவர்களுக்காக விளக்குகிறேன். பதிவு இல்லாத ஒரு ஈவோ எங்கேயோ துண்டு துண்டாக வந்து பொருத்தப்பட்டு நிற்கும், அல்லது களவெடுத்த காராக இருக்கும். அதற்கு ஒரு பெயர் வேண்டும். இறந்த காரின் புத்தகமும், வெட்டி ஒட்ட ஒரு செசி இலக்கத் துண்டும் கிடைத்தால் பெயர் கிடைத்துவிடும்.

விற்றவர் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. பதிவு அவருடைய பெயரில்தான் நிற்கும். அந்தக் கார் எங்கேயாவது ஆளை அடித்தால், ஏதாவது குற்றத்தில் பிடிபட்டால், பொலிஸ் முதலில் கொக்குவில் வீட்டுக் கேற்றைத்தான் தட்டும். "நான் விற்றுவிட்டேன்" என்று சொன்னால், எதை விற்றாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில்?

கொக்குவில் ஈவோ, நீங்கள் செய்ய வேண்டியது: கார் அழிக்கப்பட்டது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுத்தில் கொடுத்துப் பதிவை நீக்குங்கள். எஞ்சினை விற்கும்போது எஞ்சின் இலக்கம் எழுதி, உங்கள் பெயர், வாங்குபவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் வைத்து இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வாங்குபவருக்கும் அது வேண்டும். அவர் தன் காரில் எஞ்சினை மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும், அப்போது எஞ்சின் எங்கே இருந்து வந்தது என்று காட்ட இந்தக் காகிதம்தான் கை கொடுக்கும். கழற்றத் தொடங்குவதற்கு முன் கார் முழுதாக நிற்கும் படம், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், இலக்கத் தகடு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

நைட்ரைடர் வடக்கு:
சும்மா கேட்டேன். இதுக்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா?

கொக்குவில் ஈவோ:
புத்தகம் விற்பனைக்கு இல்லை. கச்சேரி ஐயாவுக்கு நன்றி. உள்பெட்டியிலும் இதே கேள்வி வேறு இரண்டு பேரிடம் இருந்து வந்தது, அவர்களுக்கும் இதுதான் பதில்.

சீடியா பொடியன்:
அண்ணை, நான் திரும்பக் கேட்கிறேன். என்னுடையது சீஎஸ்3 லான்சர், மானிப்பாயில் நிற்கிறது. ஈவோ 7உம் இந்த லான்சரும் ஒரே உடம்புதானே? பிரெம்போ ஏறும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்பாவிடம் பாதிக் காசு கேட்டு வைத்திருக்கிறேன்.

சுன்னாகம் ஸ்பனர்:
அப்பாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. உடம்பு ஒரே குடும்பம்தான், ஆனால் அடியில் இருக்கிற சங்கதி வேறு. பிரெம்போ முன் டிஸ்க் 320 மில்லிமீற்றர், பின் 300. உன் காரில் இருக்கிற றிம் அதன்மேல் இறங்காது, 17 இஞ்சி வேண்டும். ஈவோவுக்கு ஐந்து போல்ட், போல்ட் வட்டம் 114.3 மில்லிமீற்றர். உன்னுடையது நாலு போல்ட். ஆகவே நக்கிளும் ஹப்பும் மாற வேண்டும். அவை மாறினால் அரை அச்சு அதற்குள் போய் இருக்குமா என்று சாமானை வைத்துப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும், இல்லாவிட்டால் பெடல் கீழே போகும்.

இது முன்பக்கம் மட்டும். பின்பக்கம் இன்னும் மோசம். ஈவோவில் பின் சக்கரமும் இழுக்கும், ஹப்புக்குள் அச்சு வரும். உன் காரில் பின் சக்கரம் சும்மா உருளுவது. அது வேறு சாமான். முன்னுக்கு மட்டும் பெரிய பிரேக் போட்டுப் பின்னால் பழையதை விட்டால், மழையில் அவசரமாக மிதிக்கும்போது கார் எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். சொல்ல விரும்பவில்லை.

உன் காருக்கு நல்ல டிஸ்க், நல்ல பாட், புது பிரேக் எண்ணெய், நல்ல ஹோஸ். காணும். நூறு குதிரைச் சக்தி காருக்கு அதற்கு மேல் ஏன்?

சீடியா பொடியன்:
சிவப்புக் கலிப்பர் வெளியே தெரிந்தால் ஒரு கெத்துத்தான் அண்ணை, அதை மறைக்க விரும்பவில்லை 😅

றிம் பைத்தியம்:
அப்ப சிவப்புப் பெயின்ற் வாங்கு. ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும்.

கொக்குவில் ஈவோ:
தம்பி, நீ பிரெம்போவை வாங்கினால் எனக்குச் சந்தோசம்தான், ஆனால் ஸ்பனர் அண்ணை சொன்னது சரி. சீற் வேண்டுமென்றால் வந்து பார். ரெக்காரோ உன் காரின் தளத்தில் அதே போல்ட் ஓட்டைக்கு இருக்கும். தினமும் இருக்கப் போவது அதில்தானே. ஒன்று மட்டும் கவனி: சீற் பெல்ட் நான் விற்கவில்லை. மோதலில் இழுபட்ட பெல்ட், அதில் வெடித்து இறுக்கும் சாதனம் வேலை செய்திருக்கிறது. அதை எவருக்கும் கொடுக்க மாட்டேன். காற்றுப்பையும் அப்படியே.

ஸ்காபரோ மச்சான்:
வணக்கம் எல்லோருக்கும். இங்கே கனடாவில் 15 வருசம் தாண்டிய காரை ஜப்பானில் இருந்து நேராக இறக்கலாம், அதனால் ஈவோ 7 இங்கே நிறையவே ஓடுகிறது. ஆனால் எல்லாம் வலப்பக்க ஸ்டியரிங். எஞ்சின் சாமான் எங்கேயும் எடுக்கலாம். வலப்பக்கக் காருக்குரிய சாமான்தான் இங்கே தங்கம். ஸ்டியரிங் றாக், டாஷ்போர்ட், அதற்குக் கீழே வரும் கீற்றர் பெட்டி, பெடல் சட்டம், கதவு உள் பலகை. இவை இருக்கா?

கொக்குவில் ஈவோ:
எல்லாம் இருக்கிறது. டாஷ்போர்டில் வெயில் வெடிப்பு இல்லை, முந்தைய உரிமையாளர் நிழலில் விட்டவர். இதை எல்லாம் ஆரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துப் பட்டியலிலேயே போடவில்லை.

பஞ்சிகாவத்தை பயணி:
பார்த்தீர்களா, இதுதான் கழற்றி விற்பதில் இருக்கும் ருசி. எல்லோரும் டேர்போ, பிரேக், சீற் என்று கேட்பார்கள். அவை கெதியாகப் போகும். ஆனால் காசு முழுவதும் வருவது கவனிக்காத சாமானில் இருந்துதான். எயார் பில்டர் பெட்டியின் கிளிப், இன்டர்கூலருக்குப் போகும் வளைந்த ரப்பர், ஹீற் ஷீல்ட் போல்ட், போனற் தாங்கும் கம்பி, சுவிச்சுக்கள். நான் கொழும்பில் சாமான் எடுத்து விற்கிறவன், அங்கே பஞ்சிகாவத்தை சாமான் கடைகளில் போய்க் கேட்டால் "அது முழு ஹாவ் கட் வாங்கினால்தான்" என்பார்கள். ஒரு கிளிப்புக்காக ஆர் பாதிக் கார் வாங்குவது?

ஆகவே ஒரு போல்ட்டையும் எறியாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு சாமானின் போல்ட்டையும் அதே சாமானோடு சிப் பையில் போட்டுக் கட்டுங்கள். போல்ட்டோடு வரும் டேர்போவுக்கும் வெறும் டேர்போவுக்கும் இடையில் விலை வித்தியாசம் இருக்கிறது, பெருமளவு இருக்கிறது. வயரிங்கை வெட்டவே கூடாது. பிளக்கைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் எங்கே போனது என்று எழுதி முழுதாக இழுங்கள். ஒருநாள் வேலை கூடும், வெட்டிய வயரிங்கை ஆரும் வாங்க மாட்டார்கள்.

ஸ்காபரோ மச்சான்:
என்னுடைய அம்மா ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறா. திரும்பும்போது கொஞ்சம் கொண்டுவரலாமா? 23 கிலோப் பெட்டி இரண்டு இருக்கும்.

றிம் பைத்தியம்:
மிளகாய்த்தூள், ஒடியல், பருத்தித்துறை வடை, ஈவோ ஸ்டியரிங் றாக். சுங்கத்தில் அம்மா என்ன சொல்லுவா?

சுன்னாகம் ஸ்பனர்:
பகிடி இருக்கட்டும். சுவிச்சு, கதவுப் பலகை, மீற்றர் எல்லாம் பெட்டியில் போகும். பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர், பாவித்த றாக் போன்றவை எண்ணெய் மணம் அடித்தால் விமான நிலையத்தில் நிற்பாட்டிப்போடுவார்கள். அவர்கள் செய்வதும் சரி. காற்றுப்பை ஆபத்தான பொருள் பட்டியலில் இருப்பது, அதைப் பயணப் பெட்டியில் வைக்கவே கூடாது. றாக்கை வடித்து, கழுவி, காய வைத்துக் கப்பலில் போடுங்கோ. அம்மாவை விடுங்கோ, பாவம்.

ஸ்காபரோ மச்சான்:
சரி, கப்பல்தான். ஈசியூவும் எடுக்கலாமா?

கொக்குவில் ஈவோ:
ஈசியூ உங்களுக்கு வேண்டாம். இந்தக் கார் ஜப்பானின் 100 ஒக்ரேன் பெற்றோலுக்குச் செய்தது. இங்கே கிடைப்பது 92உம் 95உம், எல்லாப் பெற்றோல் செட்டிலும் 95 இருக்காது. அதனால் 95க்கு ஏற்றபடி ஈசியூவுக்குள் இருக்கும் மாப்பை மாற்றியிருக்கிறேன், டேர்போ பூஸ்டும் ஸ்பார்க் முந்துவதும் குறைத்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பெற்றோலுக்கு அது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. இங்கே ஈவோ ஓட்டுகிற ஒருவருக்குத்தான் அது பெறுமதி.

றிம் பைத்தியம்:
இப்ப என் விசயத்துக்கு வருவோம். படத்தில் இருக்கும் வெள்ளை றிம் ஆறு கால், டீஈ37 என்று போட்டிருக்கிறீர்கள். அதைச் செய்கிற ஜப்பான் ரேய்ஸ் கம்பனிச் சாமானா, இல்லை சீனச் சாமானா? கோபிக்க வேண்டாம், இலங்கையில் ஓடுகிற டீஈ37களில் எத்தனை உண்மையானவை என்று நான் எண்ணத் தொடங்கினால் நண்பர்கள் மிஞ்ச மாட்டார்கள்.

கொக்குவில் ஈவோ:
நான் வாங்கும்போதே காரில் இருந்தவை. உண்மை என்றுதான் சொன்னார்கள். எப்படிப் பார்ப்பது?

றிம் பைத்தியம்:
ரயரைக் கழற்றித் தராசில் வை. டீஈ37இல் வரும் 37 என்பதே எடையில் இருந்து வந்தது, 15 இஞ்சி, ஆறு அகலம் உள்ள றிம் 3.7 கிலோ. உன்னுடையது 17 இஞ்சி, எட்டு அகலம் என்றால் ஏழு, ஏழரை அளவில் நிற்க வேண்டும். அச்சில் வார்த்த போலி என்றால் அதைத் தாண்டி நல்லா ஏறும். அடித்து உருவாக்கிய உலோகத்துக்கும் உருக்கி ஊற்றியதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அப்புறம் உள்பக்கம் பார். ஜப்பான் றிம்மில் ஜேடபிள்யூஎல் என்ற தர முத்திரை இருக்கும், ஆனால் அதைப் போலியிலும் அடிக்கிறார்கள், அதை மட்டும் நம்பாதே. எழுத்தின் கூர்மை, பின்பக்கம் கடைந்த தடம், வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அளவு இலக்கம் எல்லாவற்றையும் கிட்ட வைத்துப் படம் எடுத்துப் போடு.

கொக்குவில் ஈவோ:
கோண்டாவிலில் ஒரு ரயர்க் கடையில் கழற்றி நிறுத்தாயிற்று. 9.6 கிலோ.

றிம் பைத்தியம்:
அப்ப விசயம் முடிந்தது. போலி. அழகான போலி, ஆனால் போலி.

பஞ்சிகாவத்தை பயணி:
போலியை விற்பதில் பிழையில்லை, உண்மை என்று விற்பதுதான் பிழை. "17 இஞ்சி, ஐந்து போல்ட், டீஈ37 மாதிரி" என்று எழுதி அந்த விலைக்குப் போடுங்கள், ஒரு கிழமையில் போகும். மோதிய பக்கத்து முன் றிம்மை மட்டும் விற்காதீர்கள். வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாது. அதையும் மற்றதோடு சேர்த்து நாலாக விற்று ஆராவது 120இல் போகும்போது உடைந்தால்?

கொக்குவில் ஈவோ:
மூன்றாகத்தான் போட்டிருக்கிறேன். ஸ்பெயருக்குத் தேடுகிற ஒருவர் இருக்கிறார். மோதிய றிம்மை வெட்டிவிட்டேன், ஆரும் எடுத்துப் பாவிக்கக் கூடாது என்பதற்காக.

நல்லூர் குசும்பன்:
இவ்வளவு நேர்மையாக விற்றால் எப்ப வீடு கட்டுவது?

கொக்குவில் ஈவோ:
வீடு இருக்கு. கார்தான் இல்லை.

புத்தூர் ஈவோ 3:
விலை பற்றி ஒரு பொதுக் கேள்வி. 2025 மாசியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததுதானே? 2020 பங்குனியில் மூடியது முதல் சாமான் விலை ஏறியது விளங்குகிறது. 2022இல் டொலர் 200இல் இருந்து 360க்குப் போனதும் தெரியும். இப்ப திறந்த பிறகும் ஏன் ஈவோ சாமான் இறங்கவில்லை?

பஞ்சிகாவத்தை பயணி:
திறந்தது புதுக் காருக்கும், வயது வரம்புக்குள் நிற்கும் பாவித்த காருக்கும். 2001ஆம் ஆண்டுக் கார் அந்த வரம்புக்குள் எங்கே வருவது? மிற்சுபிஷி ஈவோ செய்வதையே நிற்பாட்டிவிட்டது. அதாவது இலங்கையில் இருக்கிற ஈவோக்கள் இவ்வளவுதான், இனி குறையும், அதிகரிக்காது. கொக்குவில் அண்ணையின் கார் போனதோடு ஒன்று குறைந்தது. மிச்சம் இருப்பவர்களுக்கு இவருடைய சாமான்தான் களஞ்சியம். கிளாஸ், கதவு, பின் லைட் எல்லாம் அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்று சொல்லுவேன், உங்களிடம் ஒரு அறை இருந்தால்.

காசு வாங்கும் முறை பற்றியும் ஒரு சொல். வங்கியில் போட்டதாக ஸ்கிறீன்ஷொட் அனுப்புவார்கள், பின்னாலேயே லொறிக்காரன் வாசலில் நிற்பான், "கெதியாக ஏற்றுங்கோ, போகவேணும்" என்று அவசரப்படுத்துவான். கணக்கில் காசு விழுந்ததை உங்கள் செயலியில் பார்க்காமல் ஒரு போல்ட்டும் ஏற்றாதீர்கள். உண்மையாக வாங்குகிறவன் அரை மணித்தியாலம் பொறுப்பான்.

சுன்னாகம் ஸ்பனர்:
லொறியில் அனுப்புவது பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். எஞ்சின், கியர்பெட்டி இரண்டிலும் எண்ணெயை முழுக்க வடி. டேர்போவின் ஓட்டை எல்லாவற்றையும் துணியால் அடைக்காதே, துணி நூல் உள்ளே போகும். பிளாஸ்ரிக் மூடியும் ரேப்பும் போடு. எஞ்சினை ரயரின்மேல் இருத்திக் கட்டுவது பழைய வழக்கம், ஆனால் எண்ணெய்த் தட்டில் பாரம் விழும். மரச்சட்டம் அடித்து, எஞ்சின் மௌண்ட் நிற்கும் இடத்தில் தாங்கு. கொழும்புக்கு 400 கிலோமீற்றர், அதில் எவ்வளவு குழி என்று உனக்குத் தெரியும்.

90களில் நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓடினோம், சூப்பிப் போத்தலில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி. சாமான் வராது, கிடைத்ததைக் கடைந்து போட்டோம். அந்தக் காலத்து ஒஸ்ரின் ஏ40 ஒன்றைக் கழற்றும்போது ஒரு வாஷரையும் எறிந்ததில்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, அதுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கொக்குவில் ஈவோ:
நிலவரம் சொல்கிறேன். எஞ்சினும் டேர்போவும் ஈசியூவும் வயரிங்கும் ஒன்றாகவே போய்விட்டன, பிரிக்கவில்லை. குருநாகலில் ஒரு ஈவோ 7 பெல்ட் அறுந்து வால்வு போய் நின்றதாம், அதன் சொந்தக்காரர் வீடியோ பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் தானே தன் மானியைப் பூட்டித் திரும்பவும் கொம்பிறசன் பார்த்தார், பெல்ட் பில்லையும் கேட்டார். பேரம் அதிகம் பேசவில்லை. கச்சேரி ஐயா சொன்ன காகிதத்தில் இருவரும் கையெழுத்து வைத்தோம். பிரெம்போவை அதே ஆள் தன் நண்பருக்குக் கேட்கிறார், நாலுமாகத்தான் கொடுப்பேன் என்றேன்.

கியர்பெட்டியும் டிரான்ஸ்பரும் கண்டியில் பேச்சில் இருக்கின்றன. சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் ஏவைசி, ஏசிடி அமைப்பின் பம்ப் ஒன்று மிச்சம், ஓடும்போது டாஷ்போர்டில் அதன் லைட் எரிந்ததில்லை, ஆனால் இந்தப் பம்ப் எந்தக் காரில் எப்ப போகும் என்று தெரியாது. அதனால் உத்தரவாதம் இல்லாமல், மலிவாக.

சீடியா பொடியன்:
நான் சீற் இரண்டையும் வாங்கியாயிற்று. போல்ட் ஓட்டை நேராகவே இருந்தது. அம்மா ஒருமுறை இருந்துவிட்டு இறங்கும்போது ஆள் பிடிக்க வேண்டியிருந்தது, பக்கச் செட்டை அவ்வளவு உயரம். ஒரு கேள்வி அண்ணை, ஈவோவின் முன் மட்கார்ட் இரண்டும் நிற்கிறதா? எனக்கு வலது பக்கம் மட்டும் தேவை.

கொக்குவில் ஈவோ:
வலது நிற்கிறது, அலுமினியம். வரும்போது காந்தம் ஒன்று கொண்டுவா, ஒட்டாது, அதுதான் உண்மைச் சாமான். ஆனால் அது உன் காரின் மட்கார்டைவிட அகலம். ஈவோ பம்பரும் மற்றப் பக்கமும் சேர்ந்தால்தான் பொருந்தும், இடது பக்கத்தை மாடு எடுத்துவிட்டது. ஸ்காபரோ மச்சானுக்குத்தான் அது சரி. அவருடைய றாக்கோடு ஒரே பெட்டியில் போடுகிறேன், நீ வேறு ஏதாவது பார்.

ஸ்காபரோ மச்சான்:
எனக்குச் சம்மதம். கதவுப் பலகை நாலையும் சேர்த்து விடுங்கோ, கப்பல் கூலி கனஅடிக்குத்தானே. பெட்டியின் அளவு வந்ததும் சொல்லுங்கோ, காசு இன்றைக்கே போடுகிறேன். விழுந்ததைப் பார்த்துவிட்டே ஆணி அடியுங்கோ.